பேச்சு வராதவர்கள் கட்டிய அவை: கூட்டத்துக்கும் மேடைக்கும் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

முதன்முறையாக ஒரு கூட்டத்தில் எழுந்து பேசவேண்டி வரும்போதோ, ஒரு சங்கத்துக்குத் தலைவராகவோ செயலாளராகவோ ஆகும்போதோ, நமக்குக் கிடைக்கிற அறிவுரை முழுக்கக் குரலையும் தோரணையையும் பற்றியதாகவே இருக்கும். நிமிர்ந்து நில், தயங்காதே, அடித்துப் பேசு. அமெரிக்கக் குடியரசின் முதல் தலைமுறைத் தலைவர்களைப் படிக்கத் தொடங்கியபோது நான் எதிர்பார்த்ததும் அப்படிப்பட்ட சிங்கங்களைத்தான். கிடைத்தவர்களோ வேறு மாதிரி.

பெஞ்சமின் பிராங்க்ளின், தான் ஒரு மோசமான பேச்சாளர், சொல் கிடைக்காமல் தடுமாறுகிறவர் என்று தன் வரலாற்றில் தானே எழுதிவைத்திருக்கிறார். 1788-இல் வர்ஜீனியா மாநில அவையில் அரசியல் சாசனத்துக்காக வாதாடிய ஜேம்ஸ் மேடிசனுக்குச் சன்னமான குரல். அவர் பேசியது சரியாகக் காதில் விழவில்லை என்று குறிப்பெடுத்தவரே எழுதியிருக்கிறார். 1801 மார்ச் 4 அன்று தாமஸ் ஜெஃபர்சன் அதிபராகப் பதவியேற்று ஆற்றிய உரை அங்கே கூடியிருந்த பெரும்பாலோருக்குக் கேட்கவில்லை. பத்திரிகைக்கு முன்கூட்டியே கொடுத்திருந்த பிரதி அச்சாகி வந்த பிறகுதான் ஊருக்குத் தெரிந்தது. ஜார்ஜ் வாஷிங்டன் 1789 ஏப்ரல் 30 அன்று நியூயார்க்கில் முதல் அதிபராகப் பேச எழுந்தபோது நடுங்கினார். பீரங்கிக்கும் துப்பாக்கிக்கும் முன்னால் நின்றபோதுகூட இவர் இப்படிக் கலங்கியதில்லை என்று செனட்டர் வில்லியம் மக்ளே தன் நாட்குறிப்பில் எழுதினார்.

ஆனாலும் இவர்கள் நினைத்தது நடந்தது. அவையடக்கத்தை இவர்கள் பிறவிக் குணமாக விட்டுவிடவில்லை. தச்சுவேலை பழகுவதுபோல, கருவிகளோடும் விதிகளோடும் பழகினார்கள். புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு இவர்களைக் காட்டுவதற்கு அதுதான் காரணம். கீழே சொல்பவற்றில் முதல் மூன்றும் வீட்டில் தனியாகச் செய்ய வேண்டியவை. அவற்றைத் தாண்டிவிட்டு நேராகக் கூட்டத்துக்குப் போய்விடாதீர்கள்.

1. விதிகளைக் கையால் எழுதுங்கள்

வாஷிங்டன் தன் 16 வயதுக்குள், நாலு பேர் கூடும் இடத்தில் எப்படி நடந்துகொள்வது என்பது பற்றிய 110 விதிகளை ஒரு நோட்டில் நகலெடுத்தார். அவர் உண்டாக்கியவை அல்ல. 1595-இல் பிரான்சில் இயேசு சபையினர் தொகுத்தவற்றிலிருந்து கைமாறி வந்தவை. சில விதிகள் இன்று விநோதமாகப் படும். நெருப்பில் துப்பாதே என்கிறது ஒன்று. கொட்டாவி விட்டுக்கொண்டே பேசாதே என்கிறது இன்னொன்று. ஆனால் முதல் விதியைப் பாருங்கள்: பலர் கூடிய இடத்தில் நீ செய்யும் ஒவ்வொன்றும் அங்கே இருப்பவர்களை மதிக்கும் அடையாளத்தோடு இருக்க வேண்டும். 73-ஆவது விதி, பேசுவதற்கு முன் யோசி, சொற்களை அவசரமாகக் கொட்டாமல் ஒழுங்காகவும் தெளிவாகவும் சொல் என்கிறது. 89-ஆவது, எதிரில் இல்லாதவரைப் பற்றித் தீயது பேசாதே, அது அநியாயம் என்கிறது. இந்த 89-ஐ நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வேலை இருக்கிறது.

நீங்கள் 110 எழுத வேண்டாம், பத்து போதும். ஆனால் அந்தப் பத்தும் உங்கள் நாக்கு எங்கே வழுக்குகிறதோ அதைப் பிடிப்பவையாக இருக்கட்டும். நான் எழுதிய முதல் விதி, ‘மற்றவர் வாக்கியத்தை நான் முடித்துவைக்கக் கூடாது’ என்பது. அதை எழுதிய பிறகுதான் ஒரு நாளைக்கு எத்தனை முறை அதைச் செய்கிறேன் என்று கண்ணில் பட ஆரம்பித்தது.

2. ஒரு நல்ல உரையைப் பிரித்துப் பூட்டுங்கள்

பிராங்க்ளினுக்குப் பள்ளிப் படிப்பு இரண்டே ஆண்டு. பாஸ்டனில் அண்ணன் ஜேம்ஸின் அச்சகத்தில் வேலை பழகும் பையனாக இருந்தபோது, லண்டனில் வெளிவந்த ‘ஸ்பெக்டேட்டர்’ இதழின் ஒரு தொகுதி அவர் கையில் கிடைத்தது. அதை வைத்து அவர் தனக்குத்தானே வகுத்துக்கொண்ட பயிற்சி இது. ஒரு கட்டுரையை எடுத்து, ஒவ்வொரு வாக்கியத்தின் கருத்தையும் இரண்டு மூன்று சொல்லில் குறித்துக்கொள்வார். சில நாள் அதைத் தொடாமல் வைத்துவிடுவார். பிறகு மூலத்தைப் பார்க்காமல், குறிப்பை மட்டும் வைத்துக்கொண்டு கட்டுரை முழுவதையும் தன் சொற்களில் எழுதி, மூலத்தோடு ஒப்பிட்டுப் பிழை திருத்துவார். சொல்வளம் போதவில்லை என்று தெரிந்ததும் கட்டுரையைச் செய்யுளாக்கி, கொஞ்ச நாள் கழித்து மறுபடி உரைநடையாக்கினார். சில சமயம் குறிப்புகளைக் கலைத்துப்போட்டு, பல வாரம் கழித்துத் தானாக வரிசைப்படுத்திப் பார்ப்பார். எந்தக் கருத்துக்குப் பின் எது வர வேண்டும் என்ற கட்டுக்கோப்பு இப்படித்தான் அவருக்குப் பிடிபட்டது.

கடைசியாகச் சொன்ன அந்தக் கலைத்துப்போடும் பயிற்சியைத்தான் நான் எல்லோரிடமும் வலியுறுத்துவேன். கூட்டத்தில் பேசுகிறவர்களில் பலருக்குச் சொல்ல விஷயம் இருக்கிறது, வரிசை இல்லை. உங்களுக்குப் பிடித்த ஓர் உரையை எடுத்துக்கொள்ளுங்கள். வாக்கியத்துக்கு ஒரு துண்டுச் சீட்டு. சீட்டுகளைக் குலுக்கி ஒரு டப்பாவில் போட்டு வையுங்கள். பத்து நாள் கழித்து எடுத்து அடுக்கிப் பாருங்கள். நீங்கள் அடுக்கியதும் மூலமும் எங்கே வேறுபடுகின்றனவோ அங்கேதான் பாடம்.

3. மூன்று சொல்லை வாயிலிருந்து எடுங்கள்

இளவயதில் பிராங்க்ளின் வாக்குவாதத்தில் கெட்டிக்காரர். எதிரியை மடக்காமல் விடமாட்டார். குவேக்கர் சமயத்தைச் சேர்ந்த ஒரு நண்பர் அவரிடம் நேராகவே சொன்னார்: உன்னைத் திமிர் பிடித்தவன் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். பிராங்க்ளின் பழக வேண்டிய நற்குணங்கள் என்று 12 எழுதி வைத்திருந்தார். அன்றைக்குப் பணிவு 13-ஆவதாகச் சேர்ந்தது.

உள்ளே பணிவு வந்துவிட்டதா என்று அவருக்கே நிச்சயமில்லை. பேச்சில் கொண்டுவந்துவிட்டதாக மட்டும் எழுதுகிறார். ‘நிச்சயமாக’, ‘சந்தேகமே இல்லாமல்’ போன்ற சொற்களுக்குத் தனக்குத்தானே தடை போட்டார். அவற்றுக்குப் பதில் ‘எனக்கு இப்போதைக்கு இப்படித் தோன்றுகிறது’. யாராவது தவறாகச் சொன்னால் உடனே வெட்டிப் பேசுவதில்லை. ‘சில சமயங்களில் நீங்கள் சொல்வது பொருந்தும், இந்த விஷயத்தில் கொஞ்சம் வேறுபடுவதுபோல் படுகிறது’ என்று ஆரம்பிப்பார். 1727-இல் பிலடெல்ஃபியாவில் அவர் தொடங்கிய ‘ஜுண்டோ’ என்ற வெள்ளிக்கிழமை வட்டத்தில் இதை விதியாகவே வைத்திருந்தார்கள்: அடித்துச் சொன்னாலோ, முகத்துக்கு நேரே மறுத்தாலோ சிறு அபராதம்.

நம் பேச்சில் எடுக்க வேண்டிய மூன்று என்று நான் நினைப்பவை ‘அதெல்லாம் இல்லை’, ‘உங்களுக்குத் தெரியாது’, ‘நான் அப்பவே சொன்னேன்’. ஒரு வாரம் இவற்றைச் சொல்லாமல் இருந்து பாருங்கள். கருத்தை விட்டுக்கொடுக்கச் சொல்லவில்லை. அதே கருத்தை, எதிரில் இருப்பவர் காது மூடிக்கொள்ளாத விதத்தில் சொல்லத்தான் சொல்கிறேன்.

4. மௌனம் பழகுங்கள்

கண்ணியமான அவைக்கு எடுத்துக்காட்டாகப் பிராங்க்ளின் காட்டியது லண்டன் நாடாளுமன்றத்தை அல்ல, அமெரிக்கப் பூர்வகுடி மக்களின் அவைகளை. ஆறு பூர்வகுடித் தேசங்களின் கூட்டமைப்போடு 1744-இல் லங்காஸ்டரில் நடந்த ஒப்பந்தப் பேச்சுவார்த்தையைத் தன் அச்சகத்தில் அச்சிட்டவர் அவர். 1784-இல் எழுதிய கட்டுரையில் அந்த அவைகளைப் பற்றி இப்படிச் சொல்கிறார்: பேசுகிறவர் எழுந்து நிற்பார், மற்றவர்கள் ஆழ்ந்த மௌனத்தில் இருப்பார்கள். அவர் முடித்து உட்கார்ந்த பிறகும் ஐந்தாறு நிமிடம் யாரும் வாய் திறப்பதில்லை. ஏதாவது விட்டுப்போயிருந்தால் அவர் மறுபடி எழுந்து சொல்லிக்கொள்ளலாம். முக்கியமான ஒரு கோரிக்கைக்கு அன்றைக்கே பதில் சொல்வதும் அங்கே மரியாதைக் குறைவு. மறுநாள் சொன்னால்தான் அதை மதித்து யோசித்ததாக அர்த்தம்.

ஐந்து நிமிட மௌனம் நம் கூட்டங்களில் நடக்காது. பத்து வினாடி நடக்கும். எதிரில் பேசியவர் முடித்ததும் மனதுக்குள் பத்து எண்ணிவிட்டு வாயைத் திறவுங்கள். வாட்ஸாப் குழுவில் கோபம் வரவழைக்கும் செய்தி வந்தால் மறுநாள் விதியை அப்படியே கடைப்பிடியுங்கள்.

5. கூட்டத்துக்கு முன் விதி வகுத்துவிடுங்கள்

இதுதான் இந்தக் கட்டுரையின் மையம். 1787 மே 25 முதல் செப்டம்பர் 17 வரை பிலடெல்ஃபியாவின் அரசு மாளிகையில் அமெரிக்க அரசியல் சாசன மாநாடு நடந்தது. வந்துபோனவர்கள் மொத்தம் 55 பேர். பெரிய மாநிலம் சிறிய மாநிலத்தை நம்பவில்லை, வடக்கு தெற்கை நம்பவில்லை. கூடியதும் தலைவராக வாஷிங்டனைத் தேர்ந்தெடுத்துவிட்டு, அடுத்த வேலையாக விதிகளைத் தயாரிக்க ஜார்ஜ் வைத் என்பவரின் தலைமையில் ஒரு சிறு குழுவை அமைத்தார்கள். அவர்கள் கொண்டுவந்தவற்றில் சில:

பேசுகிறவர் எழுந்து நின்று தலைவரைப் பார்த்துத்தான் பேச வேண்டும். அவர் பேசும்போது குறுக்கே நடக்கக் கூடாது, பக்கத்தில் இருப்பவரோடு பேசக் கூடாது, புத்தகமோ தாளோ படிக்கக் கூடாது. ஒரே விஷயத்தில் சிறப்பு அனுமதி இல்லாமல் இரண்டு முறைக்கு மேல் பேசக் கூடாது. அந்த இரண்டாவது முறையும், அதுவரை வாய் திறக்காதவர்கள் விரும்பினால் பேசி முடித்த பிறகுதான்.

கடைசி விதியை நான் செயலாளராக இருந்த ஒரு சிறிய குடியிருப்போர் சங்கத்தில் கொண்டுவந்தேன். வழக்கமாகப் பேசும் மூன்று பேர் முகம் சுளித்தார்கள். ஆனால் அன்றைக்கு, இரண்டு வருடமாக ஒரு வார்த்தை பேசாமல் வந்துபோன ஓர் அம்மா, தண்ணீர்த் தொட்டி ஏன் அடிக்கடி நிரம்பி வழிகிறது என்பதற்குச் சரியான காரணத்தைச் சொன்னார். யாரும் கேட்கவில்லையே, அதனால் சொல்லவில்லை என்றார். எனக்கு அது இன்றைக்கும் உறுத்துகிறது.

விதிகளில் சேர்த்தவற்றைவிட எடுத்துப்போட்ட ஒன்றுதான் நுட்பமானது. யார் எந்தப் பக்கம் வாக்களித்தார் என்று பெயரோடு பதிவு செய்யலாம் என்று வரைவில் இருந்தது. மாசசூசெட்ஸைச் சேர்ந்த ரூஃபஸ் கிங் அதை எதிர்த்தார். விவாதத்தின் போக்கில் பலரும் கருத்தை மாற்றிக்கொள்வார்கள், பதிவேடு முரண்பாடுகளால் நிரம்பிவிடும் என்றார். வர்ஜீனியாவின் ஜார்ஜ் மேசன் ஆதரித்து, சொன்னதைப் பதிவு செய்துவிட்டால் உண்மை புரிந்த பிறகும் மாற்றிக்கொள்ள அதுவே தடையாகிவிடும் என்றார். நீக்கிவிட்டார்கள். உள்ளே பேசுவதை வெளியே சொல்வதில்லை என்றும், முடிவானதையும் மறுபடி எடுத்துப் பேசலாம் என்றும் விதி வைத்தார்கள்.

உங்கள் கூட்டத்தில் இதை எப்படிச் செய்வது? கருத்தை ஆராயும் கூட்டத்தையும் முடிவெடுக்கும் கூட்டத்தையும் இரண்டாகப் பிரியுங்கள். முதல் கூட்டத்தில் யார் என்ன சொன்னார் என்று பெயர் போட்டு எழுதாதீர்கள், பதிவு செய்யாதீர்கள். இரண்டாவதில் முடிவை மட்டும் தெளிவாக எழுதுங்கள். பொதுப் பணம் புழங்கும் இடத்தில் கணக்கும் முடிவும் எல்லோர் பார்வைக்கும் வந்தே தீர வேண்டும். ரகசியம் யோசிப்பதற்கு மட்டும்தான்.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் கடந்துபோக எனக்கு மனம் வரவில்லை. இத்தனை மரியாதையோடு நடந்த அதே அவை, பிரதிநிதித்துவத்தைக் கணக்கிடும்போது அடிமைகளாக வைக்கப்பட்டவர்களை ஐந்தில் மூன்று பங்காக எண்ணலாம் என்று முடிவெடுத்தது. வாஷிங்டனும் ஜெஃபர்சனும் மேடிசனும் மனிதர்களை உடைமையாக வைத்திருந்தவர்கள். இதமான குரலில் அநியாயத்துக்கும் உடன்பட முடியும். எனவே விதி எழுதும்போது முதல் கேள்வியாக இதை வையுங்கள்: இந்த முடிவு யாரைப் பாதிக்கப்போகிறதோ அவர் இந்த அறையில் இருக்கிறாரா? பேச்சுக்கலையே பின்னாளில் அந்த அநியாயத்துக்கு எதிராகத் திரும்பியது. 1797-இல் கேலப் பிங்ஹாம் தொகுத்த பள்ளிப் பேச்சுநூல் ஒன்றை, பால்டிமோரில் அடிமையாக இருந்த ஒரு சிறுவன் 12 வயதுவாக்கில் 50 சென்ட் கொடுத்து வாங்கினான். ஓர் அடிமை தன் எஜமானோடு வாதிட்டு விடுதலை பெறும் உரையாடல் அதில் இருந்தது. அதைத் திரும்பத் திரும்பப் படித்த அந்தச் சிறுவன் ஃபிரெடரிக் டக்ளஸ்தான், வளர்ந்த பிறகு 1852 ஜூலை 5 அன்று ராச்செஸ்டரில், உங்கள் சுதந்திர நாள் ஓர் அடிமைக்கு என்ன பொருள் தரும் என்று கேட்டார்.

6. தலைவர் நாற்காலியில் குறைவாகப் பேசுங்கள்

மாநாட்டு விவாதத்தில் வாஷிங்டன் கருத்து சொன்னது கடைசி நாளில், ஒரு சிறிய திருத்தத்தை ஆதரித்து. அதற்கு முன் அவர் கண்டித்த ஒரு சம்பவத்தை ஜார்ஜியாவைச் சேர்ந்த வில்லியம் பியர்ஸ் எழுதிவைத்திருக்கிறார். யாரோ ஒருவர் ரகசியத் தீர்மானங்களின் நகலைத் தரையில் தவறவிட்டுவிட்டார். அது வாஷிங்டன் கைக்கு வந்தது. அன்று கூட்டம் கலையும் நேரத்தில் அவர் எழுந்து, இனிமேல் கவனமாக இருக்க வேண்டும் என்று சொல்லி, இது யாருடையது என்று எனக்குத் தெரியாது, உடையவர் எடுத்துக்கொள்ளட்டும் என்று மேசையில் போட்டார். வணங்கிவிட்டுத் தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியேறினார். யாரும் எடுக்கவில்லை. தன் சட்டைப்பையில் நகல் இல்லாததைக் கண்டு பியர்ஸுக்கே குலை நடுங்கியது. அருகில் போய்ப் பார்த்து, அது வேறு கையெழுத்து என்று தெரிந்த பிறகுதான் மூச்சு வந்தது.

தவறைக் கண்டிக்க வேண்டியபோது அளவு இதுதான்: தவறைச் சொல்லுங்கள், ஆளைச் சொல்லாதீர்கள், நீட்டாதீர்கள்.

7. உரையைச் சுருக்குங்கள், எதிராளியிலிருந்து தொடங்குங்கள்

வாஷிங்டனின் முதல் பதவியேற்புக்கு முதலில் தயாரான வரைவு 73 பக்கம். அதைத் தூக்கிப்போட்டுவிட்டு மேடிசன் உதவியோடு சுருக்கமாக ஒன்று எழுதினார்கள். 1793-இல் இரண்டாம் முறை பதவியேற்றபோது அவர் பேசியது 135 சொற்கள்.

பேட்ரிக் ஹென்றி இவர்களுக்கு நேர்மாறு, உண்மையான மேடைச் சிங்கம். 1775 மார்ச் 23 அன்று ரிச்மண்டில் ஒரு தேவாலயத்தில் அவர் ஆற்றிய, சுதந்திரம் கொடு அல்லது சாவைக் கொடு என்று முடியும் உரையின் முழக்கம் எல்லோருக்கும் தெரியும். அன்றைக்கு யாரும் அதை எழுதிவைக்கவில்லை. நாம் படிப்பது, கேட்டவர்களின் நினைவிலிருந்து 1817-இல் வில்லியம் வர்ட் தொகுத்த வடிவம். அந்த வடிவத்தில் நான் படிக்கச் சொல்வது முடிவை அல்ல, தொடக்கத்தை. எனக்கு முன் பேசிய மதிப்புக்குரியவர்களின் நாட்டுப்பற்றையும் திறமையையும் என்னைவிட உயர்வாக மதிப்பவர் யாருமில்லை, ஆனால் ஒரே விஷயத்தை வெவ்வேறு மனிதர்கள் வெவ்வேறு வெளிச்சத்தில் பார்ப்பதுண்டு என்றுதான் அது ஆரம்பிக்கிறது. உங்கள் முதல் இரண்டு வாக்கியங்களை இந்த அச்சில் எழுதிப் பழகுங்கள்.

பலவீனத்தை மறைக்கவும் வேண்டாம். 1783 மார்ச் 15, நியூபர்க் ராணுவ முகாம். சம்பளம் வராத அதிகாரிகள், அமெரிக்காவின் அன்றைய ஆட்சி மன்றமான காங்கிரசுக்கு எதிராகக் கொதித்துக்கொண்டிருந்தார்கள். வாஷிங்டன் எழுதிக்கொண்டு வந்த உரையைப் படித்தார், முகங்கள் இளகவில்லை. பிறகு காங்கிரஸ் உறுப்பினர் ஒருவரின் கடிதத்தைப் படிக்க எடுத்தார், எழுத்து தெரியவில்லை. மூக்குக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டே, உங்கள் பணியில் தலை நரைத்தேன், இப்போது கண்ணும் மங்குகிறது என்றார். பலர் அழுதுவிட்டார்கள். கலகம் அங்கேயே அடங்கியது.

8. இறங்கி வரக் கற்றுக்கொள்ளுங்கள்

மாநாட்டின் கடைசி நாளில் பிராங்க்ளினுக்கு 81 வயது. நின்று படிக்க உடம்பில் தெம்பில்லை. அவர் எழுதிய உரையை ஜேம்ஸ் வில்சன் படித்தார். இந்தச் சாசனத்தில் சில பகுதிகள் எனக்கு இப்போது உடன்பாடில்லை, ஆனால் எப்போதும் உடன்பட மாட்டேன் என்று சொல்ல முடியாது. முக்கியமான விஷயங்களில்கூட என் கருத்தை மாற்றிக்கொள்ள நேர்ந்திருக்கிறது என்றது அந்த உரை. என்னைப் போலவே ஆட்சேபம் உள்ள ஒவ்வொருவரும் தன் பிழையின்மையை இன்று கொஞ்சம் சந்தேகித்துக் கையெழுத்திட வேண்டும் என்று கேட்டது. ‘இங்கே இருக்கும் மாநிலங்களின் ஒருமித்த சம்மதத்தோடு’ என்ற சொல்லாட்சியைக் கவர்னர் மோரிஸ் (கவர்னர் என்பது அவர் பெயர், பதவி அல்ல) யோசித்து வைத்திருந்தார். தனிப்பட்ட ஆட்சேபம் உள்ளவரும் மானம் போகாமல் கையெழுத்திட அது இடம் கொடுத்தது. 39 பேர் கையெழுத்திட்டார்கள். அங்கிருந்த மூன்று பேர் மறுத்தார்கள். அவர்களை யாரும் துரோகி என்று வெளியே தள்ளவில்லை.

எதிராளி இறங்கி வரவேண்டும் என்றால் அவர் இறங்குவதற்குப் படிக்கட்டு நீங்கள்தான் போட வேண்டும். தீர்மானத்தின் வாசகத்தை எழுதும்போது இதற்கென்று தனியாக நேரம் ஒதுக்குங்கள்.

விதிகள் நாட்டைவிட்டே போய்விடாமல் இருக்க யாராவது தினமும் காக்க வேண்டியிருக்கிறது. அந்த மாநாடு முடிந்து 11 ஆண்டுகூட ஆகவில்லை. 1798-இல் பக்கத்துக் கட்டடத்தில் கூடிய காங்கிரசில் மேத்யூ லயன் என்ற உறுப்பினர் ரோஜர் கிரிஸ்வோல்டின் முகத்தில் துப்பினார். இரண்டு வாரம் கழித்து கிரிஸ்வோல்ட் கைத்தடியாலும் லயன் அடுப்பு இடுக்கியாலும் அவைக்குள்ளேயே அடித்துக்கொண்டார்கள். 1804-இல் ஆல்பனியில் ஒரு விருந்தில், ஆரன் பர் என்ற துணை அதிபரைப் பற்றி அவர் இல்லாத இடத்தில் அலெக்சாண்டர் ஹாமில்டன் சொன்னதாக ஒரு பேச்சு பத்திரிகையில் வந்தது. இருவரும் மாறி மாறிக் கடிதம் எழுதினார்கள், ஒருவரும் இறங்கவில்லை. ஜூலை 11 காலை வீஹாக்கனில் துப்பாக்கிச் சண்டை. மறுநாள் ஹாமில்டன் இறந்தார். 89-ஆவது விதியை நினைவில் வைக்கச் சொன்னது இதற்காகத்தான்.

9. முறிந்ததை ஒட்டவையுங்கள்

ஜான் ஆடம்ஸும் ஜெஃபர்சனும் சுதந்திரப் பிரகடனத்துக்காக 1776-இல் தோளோடு தோள் நின்றவர்கள். 1800 அதிபர் தேர்தல் அவர்களைப் பிரித்தது. தோற்ற ஆடம்ஸ், ஜெஃபர்சன் பதவியேற்ற அன்று விடியுமுன்பே தலைநகரை விட்டுப் போய்விட்டார். பத்து ஆண்டுக்கு மேல் இருவரும் ஒருவருக்கொருவர் எழுதிக்கொள்ளவில்லை. இருவருக்கும் நண்பரான மருத்துவர் பெஞ்சமின் ரஷ் விடாமல் தூது போனார். நீங்கள் யாருடனாவது முறித்துக்கொண்டிருந்தால் முதலில் அப்படி ஒரு ரஷ்ஷைத் தேடுங்கள். பிறகு முதல் கடிதத்தை நீங்களே எழுதுங்கள், சின்னதாக, பழைய வழக்கை எடுக்காமல்.

1812 ஜனவரி 1 அன்று ஆடம்ஸ் அப்படித்தான் எழுதினார். வீட்டில் நெய்த துணி இரண்டு உருப்படி தனியாக அனுப்புகிறேன் என்று ஒரு வரி. அவர் துணி என்று விளையாட்டாகச் சொன்னது, தன் மகன் ஜான் குவின்சி ஆடம்ஸ் ஹார்வர்டில் பேச்சுக்கலை பற்றி ஆற்றிய விரிவுரைகளின் இரண்டு தொகுதிகளை. கடிதம் முன்னால் வந்துவிட்டது, பொட்டலம் வரவில்லை. ஜெஃபர்சன் உண்மையிலேயே துணி என்று நினைத்துக்கொண்டு, வர்ஜீனியாவில் வீட்டுக்கு வீடு நூற்பதும் நெய்வதும் எப்படி நடக்கிறது என்று பொறுப்பாக எழுதினார். அதே கடிதத்தில், உங்கள் கடிதம் நாம் ஒரே நோக்கத்துக்காகச் சேர்ந்து உழைத்த நாட்களுக்கு என்னைக் கொண்டுபோய்விட்டது என்றும் எழுதினார். அதைத் தபாலில் சேர்க்கப் போன ஆள் திரும்பி வரும்போது அந்த இரண்டு புத்தகங்களையும் கையோடு கொண்டுவந்தான். ஜெஃபர்சன் உடனே உட்கார்ந்து இன்னொரு கடிதம் எழுதினார்.